இரும்பு அச்சில் ஒரு தோசைக்கல்

பேங்க் வேலையை விட்டுவிட்டு பிரிக்பீல்ட்ஸில் தோசைக் கடை போடப்போவதாக என் கணவர் சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் கோபம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் தோசைக்கல் வாங்கக் கிளம்பியதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கிள்ளானில் பம்பு உறையும் சாக்கடை மூடியும் வார்க்கும் ஆலையில் இரும்பின் தரம் பார்ப்பவள் நான்.

"வீட்டுல நான் இருக்கேன், கல்லுக்கு வெளிய போவீங்களா? நானே ஊத்தித் தரேன்" என்றேன்.

அவர் சிரித்தார். கடைக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆலையில் மணல் அச்சில்தான் வார்ப்போம். அதில் வரும் இரும்பின் முகம் சொரசொரப்பாக இருக்கும். என் வீட்டுக்காரர் கல்லுக்கு அது போதுமா? இரும்பிலேயே அச்சு செய்து ஊற்றினேன். இரும்பு அச்சு சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும் என்பது தெரியாமல் இல்லை. தடிமனான கல்தானே, ஒன்றும் ஆகாது என்று ஒரு துணிச்சல். கல் பளபளவென்று வந்தது. ஆலையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கடை திறக்க நல்ல நாள் பார்த்து ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. முந்தின நாள் காலை வீட்டில் கல்லைக் காய வைத்து, எல்லாத் தோசைக்காரர்களையும் போல ஈர்க்குமாற்றால் தண்ணீர் தெளித்தார். டப்பென்று ஒரு சத்தம். கல் இரண்டாகக் கிடந்தது. அவர் ஈர்க்குமாறும் கையுமாக நின்றார்.

உடைந்த இடத்தைப் பார்த்தேன். வெள்ளி மாதிரி வெளுப்பு. சீக்கிரம் ஆறியதில் இரும்புக்குள் இருந்த கரி பிரிந்து வர நேரமில்லாமல் இரும்போடு இறுகிவிட்டது. அப்படி இறுகிய இரும்பு கண்ணாடி ஜாதி. கெட்டிதான், ஆனால் அதிர்ச்சி தாங்காது. மணலில் மெல்ல ஆறினால் கரி செதில் செதிலாகப் பிரிந்து நிற்கும், உடைத்தால் சாம்பல் நிறம் தெரியும். அந்த இரும்பு சூட்டுக்கும் தண்ணீருக்கும் ஈடுகொடுக்கும். உலையும் ஒன்று, இரும்பும் ஒன்று. கெடுத்தது நான் செய்த அச்சு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பாத்திரக் கடையில ஒண்ணு வாங்கிக்குங்க. நாளைக்குத் திறக்கணும்" என்றேன்.

"நீயே இன்னொண்ணு ஊத்துமா. அடுத்த நல்ல நாள்ல திறந்துக்கலாம் லா."

நல்ல நாளைத் தள்ளிப்போடுவதாவது என்று என் மாமியார் போனில் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். மனுஷன் அசையவில்லை.

இந்த முறை மணலில் ஊற்றினேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று ஆலையில் கேலி செய்தார்கள். பொறுத்தேன். அச்சிலேயே விட்டு, நன்றாக ஆறிய பிறகுதான் எடுத்தேன். சொரசொரப்பு போக முகத்தைக் கடைந்தபோது உளிக்கு இணங்கிக் கொடுத்தது, கையெல்லாம் கரி. மறுபடி நல்ல நாள் வரும்வரை அவர் எண்ணெயும் வெங்காயமும் தேய்த்துக் கல்லைப் பழக்கினார்.

கடை திறந்த காலை தண்ணீர் தெளித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொய்யென்ற சத்தம் மட்டும்தான். முதல் தோசை ஒட்டிக்கொண்டது. இரண்டாவதை முழுசாக எடுத்து, வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு எனக்கு வைத்தார். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று ஒரே சிவப்பு.

சாப்பிட்டுவிட்டு, "நல்லதுதான்" என்றேன்.

"எது, கல்லா தோசையா?"

"நீங்க வேலைய விட்டது."