பதினெட்டு ஓட்டைகள்

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தாலும், சுவரைப் படிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது ஒழுக்கு மேஸ்திரியின் நினைப்பு. நினைப்போடு விடாமல் எதிரே வருகிறவர் காதிலும் போட்டு வைப்பார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் கைவைத்த கட்டடம் மறுபடி ஒழுகியதே இல்லை. அது உண்மைதான்.

செங்கல்லால் கட்டிய இந்த அலுவலகம்தான் அவர் மூக்கை உடைத்தது. போன கோடையில் வெளிச்சுவரின் செங்கல் சந்துகளை எல்லாம் அவரே பூசியிருந்தார். எறும்புகூட நுழையாது என்று மேலாளரிடம் மார்தட்டியிருந்தார். இப்போது இரண்டாம் மாடிக் கோப்பு அறையில் ஜன்னலுக்கு மேலே சுவர் ஊறிக் கிடக்கிறது. அவரை அந்த வேலைக்குக் கூட்டிவந்தவள் அவர் மருமகள். அங்கே எழுத்தர், வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் சொந்தக்காரரைக் கொண்டுவந்து கட்டடத்தைக் கெடுத்ததாக அவள்மீது மேலிடத்துக்குப் புகார் எழுதி அனுப்பப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

சுவரில் தண்ணீர் அடித்து ஒழுக்கைத் தேட, மேஸ்திரி குழாயோடு வெளியே ஏணியில் ஏறினார். கீழிருந்து மேலே போவதுதான் அவர் முறை. மேலிருந்து அடித்தால் தண்ணீர் வழியிலுள்ள விரிசலை எல்லாம் நனைத்துவிடும், குற்றவாளி எதுவென்று பிடிபடாது. நான்கு செங்கல் வரிசைக்குக் கால்மணி நேரம். உள்ளே மருமகள் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றாள். ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியாக ஒரே பதில்தான் வந்தது, இன்னும் இல்லை என்று. கீழே மேலாளர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜன்னல் தலைக்கு மேலே தண்ணீர் பட்டுப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"மாமா, வருது. நெத்தி வேர்க்கிற மாதிரி வருது."

குழாயை மூடிவிட்டு அவர் உற்றுப் பார்த்தார். ஜன்னலுக்கு நேர் மேல் வரிசையில், செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளியில் சிமென்ட் அடைப்புகள். திருப்புளியால் ஒன்றைக் குத்தினார். துருநிறத் தண்ணீர் சட்டையில் பீய்ச்சியது.

இது ரெட்டைச் சுவர், நடுவே சந்து விட்டு எழுப்பியது. வெளிச்சுவர் குடிக்கும் தண்ணீர் நடுச்சந்தில் இறங்கி, வெளியேறுவதற்காகவே கட்டியவன் விட்டுவைத்த ஓட்டைகள் இவை. ஒற்றைச் சுவரிலேயே காலம் தள்ளியவருக்கு அது தெரியவில்லை. எவனோ சோம்பேறி விட்டுப்போனான் என்று நையாண்டி பண்ணி, போன கோடையில் பதினெட்டையும் கட்டைவிரலால் அழுத்தி அடைத்திருந்தார். அந்த ரேகை இன்னும் சிமென்டில் இருந்தது.

"என்ன அது? யாரு பண்ண வேல?" என்று மேலாளர் கேட்டார்.

பழைய கொத்தன் என்று சொன்னால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜன்னல் வழியாக மேலே எட்டிப் பார்த்த மருமகளின் முகம் வெளுத்திருந்தது. அவளும் ரேகையைப் பார்த்துவிட்டாள்.

"நான் பண்ணதுதான் சார். தண்ணி வெளிய போற வழிய நானே அடச்சிட்டேன். எழுதறதா இருந்தா எம்பேர எழுதுங்க. இந்தப் பொண்ணு ஆளத்தான் கூட்டிட்டு வந்தா, ஓட்டைய அடைக்கச் சொல்லல."

மேஸ்திரி உளியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். பதினெட்டாவது கல்லாய் இறுகிக் கிடந்தது. உளி வழுக்கியது, ஏணி ஆடியது. மேலாளர் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடி குழாயைத் திறந்தபோது பதினெட்டு ஓட்டையிலும் தண்ணீர் வெளியே கொட்டியது. அரைமணி நேரம் மருமகள் உள்சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"புதுசா ஒரு சொட்டும் இல்ல மாமா" என்றாள் மருமகள்.

எழுத எடுத்திருந்த தாளை மேலாளர் நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். மேஸ்திரி உளியைத் துடைத்தார்.

"ஒண்ணு சொல்றேன் சார். வேற எவன் அடச்சிருந்தாலும் என்னைக்கோ உதிர்ந்து போயிருக்கும்."