கைத்துவக்குக்கு ஆங்கிலம்

சுண்டுவிரலின் நுனிக் கணுவளவே இருந்த அந்தப் பித்தளைக் கோது, நீதிமன்ற மேசையில் விரித்திருந்த வெள்ளைத் தாளின் மேல் நிமிர்ந்து நின்றது. சுட்டபின் துப்பாக்கியிலிருந்து வெளியே விழுந்த வெற்று ரவைக்கூடு அது. அதைப் போலவே இன்னொன்று பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. இரண்டின் அடியிலும், விளிம்புக்குச் சற்று மேலே, மெல்லிய பள்ளம் ஒன்று வளையமாக ஓடியது. அந்தப் பள்ளத்துக்கும் சாட்சிக் கூண்டில் நின்ற பெண் சொன்ன சொல்லுக்கும் ஒரு முரணும் இருக்கவில்லை. முரணை உண்டாக்கியவர் முதலியார்.

முதலியார் என்பது இங்கே சாதிப் பெயர் அல்ல. நீதிமன்றத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்போம். அவருக்குக் கீழே இளைய மொழிபெயர்ப்பாளனாகப் பல ஆண்டுகள் இருந்தேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்று எந்தச் சட்டக்கோவையிலும் இல்லை; தேடிப் பார்த்துவிட்டேன். அவரிடம் நல்ல குரல் இருந்தது, நல்ல கோட்டு இருந்தது. “வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன இங்கிலீசு என்னட்டைத்தான் கிடக்குது” என்று சொல்வார். அலுவலகத்திலிருந்த பெரிய அகராதி, காற்றுக்குக் கதவு அடிபடாமல் இருக்க முட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. அவர் அதை வேறெதற்கும் தொட்டதில்லை.

வழக்கு புத்தூரில் நடந்த கொலை. வேலித் தகராறில் அடுத்த காணிக்காரன் ஒருவரைச் சுட்டான். பத்தடி தூரத்தில் நின்று அதைக் கண்டவர் செத்தவரின் தங்கை மட்டுமே. வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அவருடைய சொல் நின்றால் சுட்டவன் சிறைக்குப் போவான்; விழுந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி வந்து குடியிருப்பான். இதைவிட எளிமையாக ஒரு வழக்கைச் சொல்ல முடியாது. ஆனால் நீதிபதியும் இரு தரப்புச் சட்டத்தரணிகளும் தெற்கிலிருந்து வந்தவர்கள். மூவருக்கும் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்வையாளர் வாங்கில் இருந்தார்கள். அங்கிருந்து இருமுவதற்கு மட்டுமே அனுமதி உண்டு.

“கைத்துவக்காலை சுட்டவன். ரெண்டு வெடி” என்றார் அந்தப் பெண். முதலியார் தொண்டையைச் செருமி, ‘ரிவோல்வர்’ என்று ஆங்கிலத்தில் முழங்கினார். கையில் அடங்கும் எந்தத் துவக்கும் அவருக்கு ரிவோல்வர்தான்.

கோதுகளை ஆராய்ந்த அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையைத் தமிழாக்கியவன் நான். புரியாத இடங்களுக்காக நூலகத்தில் இருந்து வாசித்திருந்தேன். ரிவோல்வரில் ரவைகள் சுழலும் உருளைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும். சுட்டபின் வெற்றுக் கோது அங்கேயே கிடக்கும். சொந்தக்காரன் திறந்து தட்டினால்தான் வெளியே வரும். அறைக்குள்ளே நழுவி விழாதபடி அந்த ரவையின் அடிவிளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அரைத் தானியங்கிப் பிஸ்டல் பிறகு வந்த சரக்கு. பழைய கருமருந்தின் புகைக்கரி நுட்பமான பொறிகளை அடைத்துவிடும். புகையில்லாத மருந்து வந்த பிறகே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், ஐரோப்பாவில் இவை சந்தைக்கு வந்தன. ரவைகள் பிடிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றின் விளிம்பு மற்றதில் கொழுவாதிருக்க விளிம்பை உள்ளடக்கி, மேலே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். சுட்டவுடன் அந்த உதைப்பிலேயே மேற்பகுதி பின்னே போகும். ஒரு சிறிய நகம் பள்ளத்தைப் பிடித்துக் கோதை வெளியே வீசும். அடுத்த ரவை ஏறும். விசையை மட்டும் ஒவ்வொரு தடவையும் மனிதன் இழுக்க வேண்டும். அதனால்தான் அரைத் தானியங்கி. ரிவோல்வர் தன் குப்பையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும். பிஸ்டல் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு சாட்சியை நிலத்தில் துப்பிவிட்டுப் போகும்.

எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவனின், சட்டத்தரணிக்கு இதெல்லாம் தெரியும். அவர் எழுந்து, “அது ரிவோல்வர்தான் என்று நிச்சயமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதலியார் திரும்பி, “அது கைத்துவக்குத்தானோ, பிள்ளை? வடிவாய் யோசிச்சுச் சொல்லும்” என்றார்.

“ஓம்.”

“சத்தியமாய்?”

“ஓம் ஐயா. என்ரை கண்ணாலை கண்டனான்.”

தான் ஒருபோதும் சொல்லாத ஒரு சொல்லுக்கு அந்தப் பெண் இரண்டு தடவை சத்தியம் செய்தார். ரிவோல்வர் கோது போடாது. நிலத்தில் கோது கிடந்தது. ஆகவே சாட்சி எதையும் காணவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டார்.

மொழிபெயர்ப்பில் பிழை வந்தால், சாட்சி கூண்டைவிட்டு இறங்குமுன் எழுந்து சொல்லலாம். இறங்கிய பின்னென்றால், பதிவாளர் ஊடாக எழுத்தில் கொடுக்கலாம். இரண்டு வழியும் எனக்கு மனப்பாடம். நான் போன வழி மூன்றாவது: மதிய இடைவேளையில் முதலியாரிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவர் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டே சிரித்தார். “என்ன காணும், புத்தகம் வாசிச்சுத் துவக்குப் பழகினனீரோ? என்ரை இங்கிலீசிலை பிழை இல்லை. துவக்கிலை பிழை எண்டால் அதைச் செய்தவனைப் போய்க் கேளும்.” பிறகு, சிரிக்காமல், “உம்மடை இடமாற்றப் படிவம் என்ரை மேசையிலைதான் கிடக்குது, தெரியும்தானே?” என்றார்.

தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

எதிரி விடுதலையானான். பத்திரிகை ஒன்று சாட்சியத்தை விளக்கமாகப் போட, ஊர் அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டம் சூட்டியது. கொலைகாரனுக்கு ஒரு பட்டமும் வைக்கவில்லை. எங்கள் சனம் அவ்வளவு நீதியானது. அவன் சாகும்வரை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

போன மாதம் நல்லூரில் முதலியார் செத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் என்னை அழைத்தார். மேசை இலாச்சியில், பஞ்சு சுற்றி, ஒரு மைப்போத்தல் பெட்டிக்குள் அந்தக் கோதுகளில் ஒன்று இருந்தது; அரக்கு முத்திரை ஒட்டிய நூல் இன்னும் கழுத்தில். சான்றுப்பொருள்கள் இரண்டும் அழிக்கப்பட்டன என்று கையெழுத்திட்டவர் முதலியார். அவருக்குக் கீழே கையெழுத்திட்டவன் நான்.

“அப்பாவுக்கு மனம் உறுத்தியிருக்கும், என்ன அங்கிள்?” என்றார் மகள்.

“மனம் உறுத்தினவர் புத்தூருக்குப் போயிருப்பார், பிள்ளை. பஸ்ஸிலை ஏறினால் போச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வசனம் யாரைச் சுட்டது என்று விளங்கியது. கோதைப் பதிவாளரிடம் முகப்புக் கடிதத்தோடு ஒப்படைக்க வேண்டும் என்பது நடைமுறை. ஒரு நாள் பிந்தினால் குடிமுழுகாது. மறுநாள் காலை அதோடு புத்தூருக்குப் பஸ் ஏறினேன்.

சந்திக் கடையில் வீட்டை விசாரித்தேன். “ஆர், ரிவோல்வர் அக்காவோ?” என்றான் கடைக்காரன். நின்றவர்கள் சிரித்தார்கள். “நேரை போங்கோ. பாத்து, சுட்டுப்போடுவா!”

அவருக்கு இப்போது தலை முழுக்க நரை. என்னை அடையாளம் தெரியவில்லை, கோதைத் தெரிந்தது. முற்றத்துச் சீமெந்துப் படியில் வைத்தேன், நிமிர்ந்து நின்றது. நடந்ததைச் சொன்னேன், முதலியார் செய்ததையும் நான் செய்யாததையும்.

“அப்ப கைத்துவக்குக்கு எத்தினை இங்கிலீசு?”

“ரெண்டு, அக்கா. உது பிஸ்டலின்ரை.”

“பிஸ்டல்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு கோதை எடுத்து என் கையில் திணித்தார். “இதை என்னத்துக்கு எனக்கு வந்து சொல்லுறீர்? நான் கண்டனான். கடையடியிலை நிக்கினமே, அவையளுக்குப் போய்ச் சொல்லும்.”

கோதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சந்திக் கடைக்குத் திரும்பி நடந்தேன்.