யசாகு கட்டிய புகைபோக்கி

தச்சர் யசாகு அளந்து பேசுகிறவர். ஷின்ஷூ மலையடிவாரத்தில் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதனால்தான் ஊர்த்தலைவர் ஹன்ரோகு அவரைத் துறைமுக நகரமான யோகோஹாமாவுக்கு அனுப்பினார். வெள்ளைக்காரர் கட்டடங்களைப் பார்த்து வந்து ஊருக்கு அதேபோல ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும். பக்கத்து ஊரில் கட்டிவிட்டார்களாம், ஹன்ரோகுவுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து யசாகு கட்டுக்கட்டாகப் படங்களோடு திரும்பியபோது, மனைவி கிசெயை அடக்கம் செய்து ஒன்பது நாளாகியிருந்தது. காய்ச்சல் என்றார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாளே மரம் அறுக்கப் போய்விட்டார். பள்ளிக்கூடம் அச்சு அசலாக அமைந்துவிட்டால், தான் ஊரில் இல்லாமல் போனதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்பது மட்டும் மனதில் ஓடியது.

எட்டு மூலைக் கோபுரம், கண்ணாடிச் சன்னல்கள், சாம்பல் நிறச் சுண்ணாம்பில் கருங்கல் போலவே இழைத்த மூலைகள். ஊரே வாய் பிளந்தது. குளிர் தொடங்கியதும் வகுப்பறையைச் சூடாக்க இரும்பு அடுப்பு வந்து இறங்கியது. அதன் குழாயைச் செருகத் துளை தேடினால் எங்கும் இல்லை. கூரைமேல் புகைபோக்கி என்று நின்றது நாலு பக்கமும் பலகை அடித்துப் பூசிய வெறும் பெட்டி. மேலேயும் அடைப்பு, கீழேயும் அடைப்பு.

"என்னய்யா இது, புகை போக வழியே இல்லியே?" என்றார் ஹன்ரோகு.

"பாத்தப்ப அப்படித்தான் தெரிஞ்சுது."

"உள்ள போய்ப் பாக்கலியா?"

"காவல்காரன் விடல. தெருவுல நின்னுதான் வரைஞ்சேன்."

ஹன்ரோகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போகட்டும் விடும்! பார்வைக்கு ஜோரா இருக்கு. குழாயச் சன்னல் வழியா விட்டுக்கலாம்."

சாயங்காலம் கிசெயின் தங்கை தோயோ சோறு கொண்டுவந்தாள். யசாகு முதல்முறையாகக் கேட்டார்.

"ஏன் எனக்கு ஆள் அனுப்பல?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா அத்தான்?" தோயோவுக்குக் கோபம் வந்தது. "நான் அனுப்பத்தான் பாத்தேன். அக்காதான் விடல. 'கூப்பிட்டா பாதியில ஓடி வந்துடுவாரு. எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு வரட்டும்'னா."

யசாகு சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணையுமே பாக்கல தோயோ."