நீலச் சோக்கில் இருபத்துநாலு

பேய், ஆவி என்று யாராவது கதைத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். இருபத்தாறு வருடமாக வயரிங் வேலை, கரண்டைத் தவிர வேறெதற்கும் பயந்ததில்லை. இதைக் கேட்டு நீங்களும் சிரிக்கலாம், சிரியுங்கள். ஆனால் பூட்டின இடம், திறப்பு என் சட்டைப் பையில், நேரம் பட்டப்பகல் பன்னிரண்டரை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் அன்ரனைச் சொல்ல வேண்டும். என்னோடு பதினைந்து வருடம் வேலை செய்தவன். தடித்த கேபிள் ஒரு பைப்பால் வந்து, மூலை திரும்பி, இன்னொரு பைப்பால் போகிற இடத்தில் ஜங்ஷன் பொக்ஸ் என்று இரும்புப் பெட்டி ஒன்று வைப்போம். பைப்பின் வாயைப் போல ஆறு மடங்காவது பெட்டி இருக்க வேண்டும், நாலு அங்குலப் பைப் என்றால் இருபத்துநாலு அங்குலம். குறைந்தால் கேபிள் நெரிபட்டு, பைப் விளிம்பு அதன் தோலை வெட்டி, பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறும். அன்ரன் அந்த அளவில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்க மாட்டான். மனைவி றெஜினா தையல்காரி. அவளுடைய நீலத் தையல் சோக்கைக் கொண்டுவந்து சுவரில் அளவை எழுதி, கீழே இரண்டு கோடு இழுப்பான்.

நாலு வருடத்துக்கு முதல் சம்பூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை. கடையில் பதினாறு அங்குலப் பெட்டிதான் கிடைத்தது. பெரியதை வெல்டிங் கடையில் சொல்லிச் செய்விக்க மூன்று நாள் ஆகும், எனக்கோ பொறுமை இல்லை. அவன் எழுதியிருந்த இருபத்துநாலை உள்ளங்கையால் அழித்துவிட்டு, கேபிளை முழங்காலால் மடக்கித் திணித்து மூடினேன். "மச்சான், மனிசன்ர கை மடங்கவே இடம் வேணும், இது கேபிள்" என்றான். நான் கேட்கவில்லை. அடுத்த நாள் மழை, தரையெல்லாம் ஈரம். கரண்ட் கொடுத்த பிறகு அன்ரன் அந்தப் பெட்டியில் கைவைத்தான். அதோடு முடிந்தது.

ஆட்கள் ஓடி வருவதற்குள், தோல் வெட்டுப்பட்டிருந்த சிவப்புக் கேபிளுக்கு நான் டேப் சுற்றிவிட்டேன். ஈரக்கையோடு மெயினைத் தொட்டுவிட்டான், அவன் பிழைதான் என்று எல்லாருக்கும் சொன்னேன். றெஜினாவுக்கும் அதையேதான் சொன்னேன்.

போன வருடம் துறைமுகப் பக்கம் புதிதாகக் கட்டின ஒரு ஐஸ் பக்டரியில் வேலை கிடைத்தது. அதே நாலு அங்குலப் பைப், அதே மாதிரி மூலை. மீன் சீசன் தொடங்கப் போகிறது என்று முதலாளி நெருக்கினார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? நான் மறுபடியும் பதினாறு அங்குலப் பெட்டியைத்தான் பொருத்தினேன். அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் பெண்கள் வெறுங்காலோடு தண்ணீரில் நின்று ஐஸ் உடைக்கப் போகிறார்கள் என்பது தெரிந்தே செய்தேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து திறந்தால், பெட்டிக்கு மேலே சுவரில் நீலச் சோக்கில் இருபத்துநாலு, கீழே இரண்டு கோடு. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ஏதோ ஒரு வரி. நம்பினால் நம்புங்கள், எனக்கு அப்போது பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரோ விளையாடுகிறான் என்று ஈரத்துணியால் ஒரே இழுப்பில் அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான் உறைத்தது, இங்கே அன்ரனைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் மதியம் பூட்டிவிட்டு வேறெங்கும் போகவில்லை. அந்த ஒரே வாசலில் குந்தியிருந்துதான் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டேன். திறந்தபோது மறுபடி இருபத்துநாலு, இரண்டு கோடு. கீழே இருந்த வரி மட்டும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த முறை அதை அழிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இருபத்துநாலு அங்குலப் பெட்டிக்குச் சொல்லிவிட்டு, கேபிளை வெளியே இழுத்தேன். சிவப்புக் கேபிள் மட்டும் உள்ளே செம்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது, அரிசி ஆலையில் வெட்டுப்பட்டிருந்த அதே இடத்தில்.

அன்று பின்னேரமே றெஜினா வீட்டுக்குப் போய், ஆலையில் நடந்தது தொடங்கி ஒன்றும் விடாமல் சொன்னேன். தையல் மெஷின் நின்றது. அவள் அழவில்லை.

"அப்பவும் அழிச்சனீங்கள், இப்பவும் அழிச்சுப்போட்டீங்கள்" என்றாள். பிறகு கேட்டாள், "கீழ என்ன அண்ணை எழுதியிருந்தவர்?"

"நான் வாசிக்கேல்லைத் தங்கச்சி."

இப்போது எங்கே வேலை என்றாலும் மதியம் பூட்டிவிட்டுப் போய், அரை மணி கழித்து வந்து சுவரைப் பார்க்கிறேன். இன்றுவரை வெறும் சுவர்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு றெஜினா போன் எடுப்பாள். ஒருநாளும் ஏசினதில்லை, ஏசினாலாவது ஆறுதலாக இருக்கும். "இண்டைக்கு ஏதும் எழுதியிருக்கோ அண்ணை?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்பேன். சரி, நாளைக்குப் பாருங்கோ என்று சொல்லி வைத்துவிடுவாள்.