லோர்னா ஹாகன் சொல்லாமல் விட்டது

லோர்னா ஹாகனிடம் பாஸ்போர்ட் கிடையாது. இருபத்தொரு வருஷமாக எங்கெங்கோ இருந்து வரும் பிள்ளைகளை டெர்ன் பே சமுதாயக் கல்லூரியில் கொண்டுவந்து உட்கார வைத்தவள், வடக்கே நாலு மணி நேரம் ஓட்டினால் வந்துவிடும் கனடா எல்லையைக்கூடத் தாண்டியதில்லை. கேட்டால், "போய் என்ன பண்ணப் போறேன், அங்கயும் மழைதானே" என்பாள்.

அப்பா மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியபோது வீட்டில் சம்பாதிக்க ஆள் வேண்டியிருந்தது. லோர்னா கல்லூரிப் பதிவகத்தில் கோப்பு அடுக்கப் போனாள். ஒரு செப்டம்பரில் ஜப்பானிலிருந்து ஐந்து பிள்ளைகள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினார்கள். அவர்களை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "லோர்னா, நீ பொறுமைசாலி, கொஞ்சம் பாத்துக்கோ" என்றார் அப்போதைய முதல்வர். அந்தக் கொஞ்சம்தான் இருபத்தொரு வருஷமாக நீண்டது.

பிள்ளைகள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, ஆகஸ்டில் கணினித் திரை வழியாக அவள் வகுப்பு தொடங்கிவிடும். குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டு கொண்டுவா. விசா காகிதத்தைப் பெட்டிக்குள் போடாதே, கையில் வைத்துக்கொள். தங்கும் வீட்டில் மீன் பொரிப்பதற்கு முன் ஜன்னலைத் திற, இல்லையென்றால் புகைமணி அலறித் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் நின்று பதில் சொல்லாதே, கேட்டவர் அதற்குள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். இப்படிப் போகும் அந்தப் பேச்சு. பிள்ளைகள் சிரிப்பார்கள், பின்னால் அவர்களுடைய அம்மாக்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் தனியாகக் கூட்டுவாள். அதில் கடைசிப் பத்து நிமிடம் சிரிப்புக்கு இடமில்லை. கதவைச் சாத்திவிட்டு, பேனாவையெல்லாம் கீழே வைக்கச் சொல்வாள்.

"ஃபெயில் ஆனாலும் பரவாயில்ல. பாடத்த மட்டும் விடாதீங்க. எங்கிட்ட கேக்காம விட்டா, அடுத்தது விமானம்தான்."

ஒவ்வொருவராக எழுந்து அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். மாணவர் விசாவில் வந்தவர்கள் ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு கிரெடிட் அளவுப் பாடத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. முன்கூட்டியே லோர்னாவின் அனுமதி வாங்காமல் இறங்கினால் விசாவின் தகுதியே போய்விடும். தோற்றவனுக்கு இடமுண்டு, விலகியவனுக்கு இல்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நியாயம் நேர் எதிர்: தோற்பதைவிட விலகுவது நல்லது.

அந்த வருஷம் புதிதாக வந்த டீன் டக் ஃபெஸ்லர், "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சொல்லி இரண்டு கூட்டங்களையும் ஒன்றாக்கினார். உள்ளூர், வெளியூர், எல்லோரும் ஒரே அரங்கம். லோர்னாவின் ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கியது.

மேடையில் பேசியவள் பிரின். இருபத்தாறு வயது, பாட ஆலோசகராக வேலையில் சேர்ந்து இரண்டாவது வாரம், கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பெண்.

"ஒரு பாடம் கஷ்டமா இருக்கா? கவலையே படாதீங்க. ஆறாவது வாரத்துக்குள்ள கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டுங்க, பாடம் போயிடும். யாரையும் கேக்க வேண்டாம், யாரும் திட்ட மாட்டாங்க. அதான் புத்திசாலித்தனம்!"

கடைசி வரிசையில் இருந்த லோர்னாவுக்குப் பகீர் என்றது. பாதி எழுந்தாள். நூற்றுநாற்பது தலைகள். ஓரத்தில் டீன். மேடையில் அந்தச் சின்னப் பெண்ணின் மலர்ந்த முகம். லோர்னா உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஊர்க்காரர்கள் குணம் அது. யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மாட்டார்கள், அதுவும் நாலு பேர் முன்னால் செத்தாலும் மாட்டார்கள். காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்தால்கூட "அட, வித்தியாசமா இருக்கே" என்று குடித்துவிட்டுப் போவார்கள். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பார்கள். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை.

என் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டீன் பரிசுக் குலுக்கலை இழுத்துக்கொண்டே போனார், பீட்சா வந்தது, பிள்ளைகள் எழுந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். பெயரையும் அறை எண்ணையும் சொல்லி இறங்கினாள். சரி, மின்னஞ்சல் அனுப்பலாம் என்று இருந்தாள். அது மூன்றாவது வாரம்தான் போயிற்று. காய்ச்சல் ஊசிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நடுவே பதினோராவது வரியில் இருந்தது அந்த எச்சரிக்கை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி, யார் குடிப்பார்கள்?

நவம்பர் முதல் வாரத்தில் விசாவில் வந்த பிள்ளைகளின் கிரெடிட் பட்டியலைச் சரிபார்த்தாள். இருபத்திரண்டு பெயர்கள். பதின்மூன்று, பதினைந்து, பன்னிரண்டு என்று விரல் இறங்கி வந்து ஓயுந்தாரி என்ற பெயரில் நின்றது. எதிரே எட்டு என்று இருந்தது.

மங்கோலியாவில் தர்கான் என்ற ஊர். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்ப்பவர். பாலம் கட்டப் படிக்க வேண்டும் என்று வந்த பெண். ஆகஸ்டு வகுப்பில் எல்லோரும் கடைகளைப் பற்றிக் கேட்டபோது, இவள் மட்டும் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டிருந்தாள். லோர்னா உடனே வரச் சொன்னாள். மழைக்கோட்டைக் கழற்றாமலேயே வந்து உட்கார்ந்தாள் அந்தப் பெண்.

"கணக்குப் பாடத்த விட்டுட்டியா, கண்ணு?"

"ஆமா டீச்சர். முதல் பரீட்சைல மார்க் கம்மி. வாத்தியார் ரொம்ப வேகமா பேசறார். விட்டுட்டு, ஜனவரில நல்லா எடுக்கலாம்னு." முகத்தில் ஒரு பெருமை. "அதான் புத்திசாலித்தனம்."

லோர்னா மெல்ல விளக்கினாள். எவ்வளவு மெல்லச் சொன்னாலும் கல் கல்தான். பெண்ணின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"இப்பவே திரும்பச் சேந்துக்கறேன். மிச்ச பாடத்த ராத்திரி பகலா படிச்சிடுவேன்."

"கெடு முடிஞ்சுபோச்சும்மா."

"எனக்கு யாரும் சொல்லல."

"மெயில் அனுப்பினேனே."

"அது நாலு பக்கம் இருந்துச்சு டீச்சர்." லோர்னாவை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு அந்தக்கா மேடைல சொன்னப்ப எனக்குச் சந்தேகம்தான். விசா உள்ளவங்களுக்கும் இதேதானான்னு. உடனே திரும்பி உங்களத்தான் பாத்தேன். நீங்க எழுந்தீங்க, திரும்ப உக்காந்தீங்க. என்னைப் பாத்துச் சிரிச்சீங்க. அப்ப சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

லோர்னாவுக்கு அது நினைவில்லை. ஆனால் சிரித்திருப்பாள். யார் கண்ணைப் பார்த்தாலும் சிரிப்பவள் அவள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். முகத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விதிப்படி மூன்று வாரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பவள் லோர்னாவேதான். இன்னொரு வழியும் இருந்தது. முதல் பருவத்தில் மொழி புரியாமல் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பாடம் குறைக்க அவளே அனுமதி தரலாம். ஆனால் விலகும் முன்பே தந்திருக்க வேண்டும். தேதியை மட்டும் பத்து நாள் முன்னால் போட்டால் முடிந்தது. அந்தப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பதாம் நாள் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உண்மையைத் தெரிவித்தாள். அதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கே கூச்சமாக இருந்தது. பாதி நேர்மை, பாதி வேலை போய்விடும் என்ற பயம்.

இனி மிச்சமிருந்தது மனு ஒன்றுதான். தவறு மாணவியின் கையை மீறி நடந்தது என்று கல்லூரி கடிதம் தந்தால், குடியேற்ற அதிகாரி மனசு வைத்துத் தகுதியைத் திரும்பத் தரலாம். லோர்னா ஒரு ஞாயிறு முழுதும் உட்கார்ந்து எழுதினாள். கூட்டத்தில் தவறான அறிவுரை சொல்லப்பட்டது, நான் அங்கே இருந்தேன், தவறென்று தெரிந்தும் திருத்தவில்லை, மாணவி என் முகத்தைப் பார்த்தே நம்பினாள் என்று எழுதினாள்.

டீன் அதை இரண்டு முறை படித்தார்.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க லோர்னா. இந்த நடுப் பத்தி மட்டும் அவசியமான்னு யோசிக்கறேன்."

"அதுதான் விஷயமே, டக்."

"இல்ல, கல்லூரிப் பேர்ல போகுது பாருங்க. வக்கீல் பாக்கணும். 'வழிகாட்டுதல் தெளிவாக இல்லாதிருந்திருக்கலாம்' அப்படின்னு போட்டா அதே அர்த்தம்தானே? உங்களக் காப்பாத்தத்தான் சொல்றேன்."

அவர் சிரித்தார். அவளும் பதிலுக்குச் சிரித்துவிட்டாள், சனியன் பிடித்த சிரிப்பு. கல்லூரித் தாளில் டீன் சொன்ன வாக்கியம் போயிற்று. தன்னுடைய நடுப் பத்தியைத் தனித்தாளில் தன் பெயரில் எழுதிக் கூடவே அனுப்பினாள். ஒரே உறையில் இரண்டு விதமாகப் பேசும் இரண்டு கடிதங்களைப் படிக்கிற அதிகாரி என்ன நினைப்பான் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. எத்தனையோ கோப்புகளைப் பார்த்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மனு நிலுவையில் இருக்கும்வரை படிக்கலாம். ஓயுந்தாரி ஜனவரியில் அதே கணக்கை அதே வாத்தியாரிடம் எடுத்தாள். நூலகம் திறக்கும்போது உள்ளே போனால் மூடும்போதுதான் வெளியே வருவாள். ஜனவரிக் கூட்டத்தில் பிரின் அதே வரியைத் தொடங்கியபோது லோர்னா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "இல்ல பிரின், விசா பிள்ளைங்களுக்கு அது தப்பு" என்றாள். அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிரின் கண் கலங்கிப் போனாள். அதன் பிறகு ஒரு மாதம் காப்பி அறையில் லோர்னாவின் மேசையில் யாரும் உட்காரவில்லை. புதிதாக வந்த ஒன்பது பிள்ளைகளும் அந்தப் பருவத்தை ஒழுங்காக முடித்தார்கள்.

மார்ச்சில், பரீட்சை வாரத்தில் பதில் வந்தது. மறுப்பு. கல்லூரியின் கடிதமும் அலுவலரின் தனிக் கடிதமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, ஆகவே காரணம் நிரூபணமாகவில்லை என்று இரண்டு வரி. மேல்முறையீடு கிடையாது. நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஓயுந்தாரி மறுநாள் கணக்குப் பரீட்சையை எழுதினாள். வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது. வாத்தியார் அதை லோர்னாவிடம் வந்து சொன்னபோது, லோர்னா கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

விமான நிலைய பஸ் மீன் சந்தைக்கு எதிரே நிற்கும். லோர்னாதான் தன் காரில் கொண்டுவந்து விட்டாள். இரண்டு பெட்டியையும் ஓட்டுநர் உள்ளே தள்ளினார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக மென்று விழுங்கி வந்ததை லோர்னா அப்போது சொன்னாள்.

"எல்லாம் என் தப்பு, கண்ணு. அன்னிக்கு நான் வாயத் திறந்திருந்தா நீ இங்கதான் இருந்திருப்ப."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அந்த ஊரில் இதற்குப் பதில் ஒன்றுதான். ஐயோ அதெல்லாம் இல்லை, பரவாயில்லை என்பார்கள். உள்ளுக்குள் அப்படி நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் சொல்வார்கள். லோர்னாவும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஓயுந்தாரி அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"ஆமா டீச்சர்," என்றாள். "உங்க தப்புதான்."

பிறகு லோர்னாவை ஒருமுறை இறுகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.