ஆடு கெடச்சிருச்சு ஐயா!

என் வேலை போகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி நிதானமாகப் படியுங்கள்.

காமயகவுண்டன்பட்டிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் கிளாஸ் வாத்தியாராக நான் படும் பாடு உங்களுக்குத் தெரியும். போன வாரம் பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் டிப்டி இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. பிள்ளைகள் ஒரு கதையைக் கேட்டு, வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? "வேற வாத்தியாரத் தேட வேண்டியதுதான்" என்று பங்குச் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

என்ன பிரமாதமான கதை! ஒருவனுடைய ஆடு காணாமல் போகிறது. தோட்டத்தில் தேடுகிறான், ஆற்றங்கரையில் தேடுகிறான், கடைசியில் கோயில் வாசலில் கண்டுபிடிக்கிறான். அவ்வளவுதான்.

"அருளாயி, நீ சொல்லு."

"ஆடு கெடச்சிருச்சு ஐயா!"

"அடிப்பாவி, அது இன்னும் தொலையவே இல்லையே!"

அடுத்த பயல் எழுந்தான். "கோயில் வாசல்ல உசுரோட நிக்கிது ஐயா!"

மொத்த கிளாஸும் இப்படித்தான். காலேஜில் எஃப்.ஏ. வரை படித்த எனக்கு இது தேவையா? பிரம்பைத் தட்டித் தட்டி வரிசையைப் புகட்டினேன். அருளாயி அபாரமாகத் தேறினாள்... வந்தது வினை.

மறுநாள் அவள் அம்மா வாசலில் நின்றாள். கையில் அரிவாள். புல் அறுக்கிற அரிவாள்தான்... இருந்தாலும்!

"ஏன் வாத்தியாரே, எம்புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீரு? அவுக அப்பா பெரியாத்து அணை வேலைக்குப் போயிருக்காக. மலையிலருந்து வந்த ஆளு இவகிட்டச் சேதி சொல்லி விட்டுருக்கு. இவ வந்து, 'ரோட்டுல வண்டி நின்னுச்சு. மாமா எறங்குனாக. தண்ணி கேட்டாக. அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னாக'ன்னு நிறுத்தி நிறுத்தி ஒப்பிக்கிறா! எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு!"

"இப்ப எப்படி இருக்காரு?"

"பொழச்சுக்கிட்டாக. கஞ்சி குடிக்கிறாகளாம். அதையில்ல மொதல்ல சொல்லணும்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே பாதி வீட்டு ஆண்கள் மலைமேல் அணை வேலையில். அங்கே காய்ச்சல் ஆளை வாரிக்கொண்டு போகிறது. இறங்கி வருகிறவர் யாரானாலும் வாசலிலேயே "ஆளு நல்லா இருக்காக" என்று சொல்லியாக வேண்டும். மற்றதெல்லாம் தண்ணீர் குடித்த பிறகு. கதை சொல்ல இந்தப் பிள்ளைகள் கற்றது அந்த வாசலில்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். அருளாயி எழுந்து என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் அடி வாங்குவதா, என்னிடம் வாங்குவதா என்ற முழி.

"உனக்கு வர்ற மாதிரி சொல்லு ஆத்தா" என்றேன். போனால் வேலைதானே!

"ஆடு கெடச்சிருச்சு ஐயா!" என்றாள். பிறகு, தொலைந்தது முதல் கோயில் வாசல் வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. என் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"மிஸ்டர், காலையில் கம்பத்திலிருந்து புறப்பட்டேன். முதலில் உமது ரிஜிஸ்தரைப் பார்த்தேன். பிறகு கணக்குக் கேட்டேன். அதன் பிறகு..."

வரிசை பிசகாத மனிதர்! எனக்குச் சட்டை நனைந்தது. முன்வரிசையிலிருந்து அருளாயியின் குரல்:

"ஐயா, எங்க வாத்தியாருக்கு வேல இருக்கா, போச்சா? அத மொதல்ல சொல்லுங்க!"

அவர் பேச்சை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் மனுஷர் வெகுநேரம் பேசினார்... நிம்மதியாகக் கொட்டாவி விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.