பாங்கு சொல்லக் குரல் வேண்டும்

மாமா பிரியாணிக்கு உப்புப் பார்க்கும் அழகே தனி. கொதிக்கிற தேக்சா அண்டாவிலிருந்து இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை மூடிக்கொள்வார். திறக்கும்வரை பந்தலில் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் என் தாய்மாமாதான் அடுப்பு மூட்டுவார்.

அவர் கழுத்தில் வந்த கட்டி தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்தபோது, அவருடைய ஒரே மகள் நான்கு மாதக் கர்ப்பிணி. பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நான் 'படிச்ச புள்ள' என்பதால் ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் கூட்டிப்போனார். டாக்டரம்மா காகிதத்தில் படம் வரைந்து பொறுமையாகச் சொன்னார். கட்டி சின்னதாக ஒரு பக்கத்தோடு நின்றிருந்தால் பாதிச் சுரப்பியை எடுத்தாலே போதுமாம். இவருக்குக் கழுத்து நெறிக்கட்டிகளிலும் பரவியிருந்ததால், முழுவதையும் எடுத்துவிட்டுக் கதிரியக்க அயோடின் மாத்திரை கொடுப்பதே நல்லது. அப்புறம் ஆயுளுக்கும் தினம் ஒரு தைராய்டு மாத்திரை. குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் குரல் கம்மிப்போகவும் வாய்ப்புண்டு என்றார். மாமாவுக்கு முகம் செத்துவிட்டது.

"இன்னா வேணா எடுத்துக்க டாக்டரம்மா, கொரல மட்டும் உட்ரு. பொறக்கப்போற புள்ள காதுல நான்தான் பாங்கு சொல்லணும்."

பிறந்த குழந்தையின் காதில் தொழுகை அழைப்பைச் சொல்வது எங்கள் வழக்கம். அந்த ஆசையில்தான் மனுஷர் ஆபரேஷன் மேசையில் படுத்தார். கரகரவென்றாலும் குரல் திரும்பி வந்தது. அயோடின் மாத்திரை போட்டபின் சில நாள் கர்ப்பிணி, கைக்குழந்தை பக்கமே போகக் கூடாது என்பதால், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அதை முடிக்க நாள் குறித்தோம். அதற்கும் முன்னால் இரண்டு வாரம் அயோடின் சேர்த்த கடை உப்பு, மீன், பால், முட்டை எதுவும் ஆகாது. உடம்பில் அயோடின் குறைந்தால்தான் மருந்து நன்றாகப் பிடிக்குமாம்.

பத்தியம் முடிய இரண்டே நாள். தேனாம்பேட்டையில் ஒரு கல்யாணம். "சும்மா மேற்பார்வைக்கு" என்று போனவர், மறுநாள் டாக்டரம்மா முன்னால் தலையைச் சொறிந்தார்.

"உப்பு பாக்காம எப்டிம்மா எறக்குறது?"

"ஒரு சொட்டுதானே?"

"மூணு தேக்சா. அப்பால... ஒரு பிளேட்டு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பத்தியத்தை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். மாத்திரை நாளும் இரண்டு வாரம் தள்ளிப்போனது. கூட வந்திருந்த மாமி, வீடு திரும்பும்வரை ஆட்டோவில் அவரை வறுத்தெடுத்தாள்.

அவர் மாத்திரை போட்ட நான்காம் நாள், இரண்டு வாரம் முந்திக்கொண்டு பிறந்தாள் பேத்தி. மாமா தனியறையில் அடைபட்டிருந்தார். வேறு யாரும் பாங்கு சொல்லக் கூடாது என்று போனில் ஒரே ரகளை. கடைசியில் நான் செல்போனைக் குழந்தையின் காதருகே பிடித்தேன். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தவர், முழுசும் சொல்லி முடித்தார். மகள் அழுதாள், நானும்தான்.

டாக்டரம்மா அனுமதி கொடுத்த அன்று குளித்து, புதுச் சட்டை போட்டு ஓடிவந்தார். "அதான் போன்லயே சொல்லிட்டீங்களே" என்றாள் மாமி. அவர் காதில் வாங்கவில்லை. பேத்தியை மார்போடு சேர்த்துக் குனிந்து, மறுபடியும் சொன்னார். கல்யாணப் பந்தலையே அதட்டிய அந்தக் குரல், பக்கத்தில் நின்ற எங்களுக்குக்கூடக் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது.